மெல்வினோட தாய் லீக்

இல்லைங்க மிஸஸ் ரிட்லி, டீ வேணாம். ஷூ முழுக்க மண்ணு, இப்படி வாசப்படியிலயே நின்னு சொல்லிடுறேன்... சரி, சரி, கழட்டிட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம் போதும். கமிட்டி மீட்டிங் ஏழு மணிக்குத்தான? அதுக்குள்ள உங்களத் தனியாப் பாத்துடணும்னுதான் வேலைய விட்டு நேரா இங்க வந்தேன்.

மெல்வின் எழுதிக் குடுத்த பேப்பர் உங்க கைக்கு வந்திருக்கும். எங்க அப்பாவ இனிமே நம்ம தோட்டத்துக்குள்ள விடக் கூடாது, அவர் பேர வாசக்கதவுப் பலகையில எழுதி வைக்கணும்னு. ஆமா, க்ளென் ஹாட்சன். அவர்தான். கமிட்டித் தலைவி நீங்கதான, அத இன்னைக்கு ஓட்டுக்கு விடாதீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்.

தெரியும், நீங்க அந்த மூணு நாளும் ஊர்ல இல்ல. மக வீட்டுக்குப் போயிருந்தீங்க. குழந்தை எப்படி இருக்கு?... ரெண்டு பல்லா, அதுக்குள்ளயா! நீங்க இங்க இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னு ஐரீன்கூடச் சொன்னாங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இதுல பாதி நான் கண்ணால பாக்கல. டீக் கொட்டகை ஐரீன் சொல்லித்தான் தெரியும், அதுவும் திங்கக்கிழமைதான். எது நான் பாத்தது, எது அவங்க சொன்னதுன்னு பிரிச்சே சொல்றேன். ஆபீஸ்ல அதே பழக்கம். ஆத்துத் தண்ணி எடுத்தா எந்த இடம், எத்தனை மணி, யாரு எடுத்தாங்கன்னு எழுதாம பாட்டில மூட விட மாட்டாங்க.

எங்க அப்பா அம்மா இந்த ஊருக்கு வந்தது இதான் முதல் தடவை. நான் இங்க வந்து ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. அவங்க வரோம் வரோம்னு கேட்டுட்டே இருப்பாங்க, நான் ஏதாவது சாக்கு சொல்லுவேன். வேலை இருக்கு, ரயில் சரியில்ல, வீடு சின்னது. வீடு சின்னதுதான். ஆனா அது காரணம் இல்ல. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. அப்பா போற இடமெல்லாம் என் பொண்ணு படிச்சவ, எங்க வம்சத்துலயே முதல் பட்டம் இவதான்னு சத்தமாச் சொல்லுவாரு. பஸ் டிரைவர்கிட்டச் சொல்லுவாரு. செருப்புக் கடையில சொல்லுவாரு. எனக்கு உடம்பு கூசும்.

க்ரிம்ஸ்பியில மீன் பேக்கிங் ஃபேக்டரியில இருக்காரு. இருபத்தாறு வருஷம். எங்க வீடு மூணாவது மாடி. தோட்டம்னு ஒண்ணு கிடையாது, ஜன்னல்ல ஒரு தொட்டி இருந்துச்சு, அதுல அம்மா சிகரெட் அணைப்பாங்க. அதனாலதான் எனக்கு இங்க பொதுத் தோட்டத்துல ஒரு துண்டு நிலம் கிடைச்சதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாப்பதாம் நம்பர் துண்டு, அதுவும் பாதித் துண்டு. அவர் ஃபேக்டரி முழுக்க என்ன சொல்லி வச்சிருக்காருன்னா, என் பொண்ணுக்கு வடக்க நிலம் இருக்குன்னு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணும்போதெல்லாம் கேப்பாரு, இந்த வாரம் என்ன முளைச்சுதுன்னு. நானும் சொல்லுவேன். சொல்லச் சொல்ல... கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவேன். உருளைக்கிழங்கு ரெண்டு வாளி வந்தா நாலு வாளின்னு. லீக் எப்படிம்மான்னு கேட்டாரு. இந்த ஊர்ல எல்லாரும் அந்தத் தடிச்ச வெங்காயத்தாளுக்காகத்தான் உயிரோட இருக்காங்கன்னு நானே சொல்லி வச்சிருந்தேன். என் கை கனம் இருக்குப்பான்னேன்.

ஆமா, நீங்க சிரிக்கலாம். என் லீக்க நீங்க பாத்திருக்கீங்க.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தாங்க. நியூகாஸ்ல்ல ரயில் மாறி, அப்பா கையில ஒரு தெர்மோகோல் பெட்டி, உள்ள புகை போட்ட மீனு. ஊர்ல எல்லாருக்கும் குடுக்கணும்னு. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கெல்லாம் தோட்டத்துல இருந்தோம். ஆலங்கட்டி மழை கொஞ்சம் அடிச்சுட்டு விட்டுது, அப்புறம் நல்ல வெயில். திங்கக்கிழமை லீவுங்கறதால மொத்தக் கூட்டமும் அங்கதான். உங்க துண்டுல ருபார்ப் நல்லா வந்திருக்கு, நாங்க பாத்தோம்.

அப்பா ஒரு மணி நேரத்துல எல்லார்கூடயும் பழகிட்டாரு. எனக்கு ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. ஐரீனுக்கு ஒரு மீனு, வாட்டர் டேங்க் பக்கத்துல இருக்க அண்ணன் தம்பிங்களுக்கு ஒண்ணு, மெல்வினுக்கு ரெண்டு. மெல்வின் அத மோந்து பாத்துட்டு, யோவ், இத உன் சட்டையில சுத்தியா கொண்டு வந்தன்னு கேட்டாரு. அப்பா, இல்லண்ணே, சட்டைதான் மீன்ல சுத்தி வந்துதுன்னாரு. அவ்வளவுதான், ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க. மெல்வின் குப்பை லாரி ஓட்டுறவரு, அப்பா மீனு. யார் மேல நாத்தம் அதிகம்னு அதுக்கு ஒரு போட்டி.

இதுவரைக்கும் நான் பாத்தது. அப்புறம் நான் பால் வாங்கக் கடைக்குப் போனேன். அப்ப நடந்தது ஐரீன் சொன்னது.

மெல்வின் அப்பாவக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அவரோட பாத்தியக் காட்டியிருக்காரு. ஜனவரிப் பனியில கண்ணாடிக் கொட்டகை ஹீட்டர் நின்னு போய் அவரோட நாத்து மொத்தமும் செத்துப் போச்சுல்ல, அந்தக் கதை எல்லாம் சொல்லியிருக்காரு. அப்புறம் பாத்திக் கடைசியில நின்ன அந்த ஒத்தை லீக்கக் காட்டி, இதுதான்யா தாய். போன செப்டம்பர் போட்டியில ஜெயிச்சது. இத அறுக்காம விட்டு, பூ வர வச்சு, அதுலருந்துதான் அடுத்த வருஷத்துக்கு நாத்து எடுக்கணும். எங்க அண்ணன் கையில இருந்து வந்த வம்சம். அண்ணன் போயிட்டான், மத்ததெல்லாம் பனியில போச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். எவனாவது தொட்டா கைய ஒடிச்சுருவேன்னாராம்.

அதுக்கு எங்க அப்பா என்ன பண்ணாருன்னா, தொப்பியக் கழட்டிட்டு அந்த லீக்குக்கு முன்னாடி குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சாராம். ஐரீன் கொட்டகையில இருந்து பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்.

நான் பால் வாங்கிட்டு வரும்போது ரெண்டு பேரும் என் பாத்திக்கு வந்துட்டாங்க. மெல்வின் என் லீக்கப் பாத்து, என்ன பொண்ணு, பென்சில் சீவி நட்டு வச்சிருக்கியான்னு கேட்டாரு. அவர் எப்பவும் அப்படித்தான் பேசுவாரு, தப்பா ஒண்ணும் இல்ல. அப்பா உடனே, படிச்ச பொண்ணுண்ணே, பென்சில்தான் வளப்பான்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அது எனக்காகச் சொன்னது. இப்ப யோசிச்சா தெரியுது. என்னை யாரும் கேலி பண்ணிடக் கூடாதுன்னு அவர் முந்திக்கிட்டாரு. அப்ப எனக்கு முகம் எல்லாம் எரிஞ்சுது. இது முன் வரிசைப்பா, நல்லதெல்லாம் வேற இடத்துல இருக்கு, ராத்திரி சாப்பிடும்போது பாருன்னு சொன்னேன்.

சரி, அத விடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

பதினோரு மணி இருக்கும். அப்பா முந்தின நாள் விட்ட இடத்துல இருந்து களை தோண்டிட்டு இருந்தாரு. வேலி ஓரம் முழுக்க அந்த வெள்ளை வேர்க் களைதான், நூல் மாதிரி ஓடுமே. ஒரு வருஷமா நான் தொடாத இடம். உள்ளங்கை ரெண்டும் கொப்புளம், அம்மா சாக்ஸ கிழிச்சுக் கட்டி விட்டிருந்தாங்க. நிறுத்துப்பான்னா கேக்கல. கமிட்டி வந்து பாத்தா என் பொண்ணு துண்டுதான் சுத்தமா இருக்கணும்னாரு. களை இருந்தா கடிதம் வரும், ரெண்டு கடிதம் வந்தா துண்டு போயிடும்னு யாரோ அவர்கிட்டச் சொல்லி வச்சிருக்காங்க. நான்தான் சொல்லியிருப்பேன்.

மெல்வின் பாத்தியக் கொத்த வந்தாரு. அப்புறம் நடைபாதைக்கு வந்து நின்னாரு. கையில அந்தக் கறுப்புக் குழாய்த் துண்டு, லீக்கச் சுத்தி மாட்டி வச்சிருப்பாரே, அது. கத்தலைங்க. மெதுவாத்தான் கேட்டாரு, இதுக்குள்ள இருந்தது எங்கன்னு.

எல்லாரும் தலையத் தூக்கினாங்க. அப்பா என்னைப் பாத்தாரு. ரொம்ப நேரம் இல்ல, ரெண்டு செகண்ட் இருக்கும். அப்புறம் மண்வெட்டியக் கீழ வச்சுட்டு, நான்தாண்ணே, தெரியாமப் பிடுங்கிட்டேன்னு சொன்னாரு.

மெல்வினுக்கு முதல்ல புரியவே இல்ல. தெரியாமயா? நேத்து உன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனேனே? தொப்பியக் கழட்டுனியே? தெரியாமயான்னு. நான் அப்ப இத எல்லாம் கேட்டுட்டு என்னன்னு தெரியாம நின்னேன். அவர் காட்டுனது எனக்குத் தெரியாது, ஐரீன் அப்புறம்தான சொன்னாங்க. ஏன் இவ்வளவு கோபப்படுறாருன்னு நினைச்சேன்.

அதுக்கப்புறம் மெல்வின்தான், ஒரு மூட்டை வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனேய்யா, எங்கிட்ட மீனு குடுத்துட்டு எங்க அண்ணனத் தின்னுட்டியேன்னாரு. அப்படித்தான் சொன்னாரு, எங்க அண்ணனன்னு. வாட்டர் டேங்க் பக்கத்து அண்ணன் தம்பிங்க ரெண்டு பேரும் வந்து அவரப் பிடிச்சுக்கிட்டாங்க. அடிக்க எல்லாம் போகல. நிக்க முடியல அவருக்கு.

அம்மா க்ளென்னு ஒரு தடவை கூப்பிட்டாங்க, அப்புறம் வாய மூடிக்கிட்டாங்க.

நானும் திட்டினேன். என்னைக் கேக்காம எதையும் தொடாதன்னு சொன்னேன்லப்பா, இங்கெல்லாம் ஒரு முறை இருக்குன்னு. எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொன்னேன். அப்பா, ஆமாம்மா, என் தப்புதான்னாரு.

திங்கக்கிழமை போறதா இருந்தவங்க அன்னைக்கு மூணு மணி ரயிலுக்கே போயிட்டாங்க. ஸ்டேஷன்ல அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, இதனால உன் துண்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்லன்னு. ஆகாதுப்பான்னேன். எனக்குத் தெரியாது, சும்மா சொன்னேன். மறுநாள் காலையில தோட்டத்துக்குப் போனா என் துண்டோட கதவுல ஒரு கவர் தொங்குது, மெல்வினுக்குக் குடுத்த ரெண்டு மீனும் அப்படியே. கடற்காக்கா கிழிச்சு வழியெல்லாம் போட்டிருந்துச்சு. நான் அதப் பொறுக்கிட்டு இருக்கும்போதுதான் ஐரீன் வந்து மத்ததெல்லாம் சொன்னாங்க. உங்க அப்பா நல்ல மனுஷன்னு நினைச்சேனேம்மான்னாங்க.

அதனாலதான் கேக்குறேன், மிஸஸ் ரிட்லி. அவர் பேரப் பலகையில எழுதாதீங்க. அந்தப் பலகையில இதுவரைக்கும் ரெண்டு பேருதான் இருக்கு. ஒருத்தன் கொட்டகைக்குத் தீ வச்சவன், இன்னொருத்தன் புறாத் திருடன். அதுக்குக் கீழ எங்க அப்பா பேரு...

என்னது?

அவர் என்ன பண்ணாருன்னா? லீக்கையா?

இல்ல, நீங்க கேக்குறது சரிதான். பிடுங்கினவரு அத வச்சு என்ன பண்ணாருன்னு யாருமே கேக்கல. மெல்வின்கூடக் கேக்கல.

சாப்பிட்டோம். சனிக்கிழமை ராத்திரி. உருளைக்கிழங்கு போட்டு சூப் வச்சேன்.

ஆமா, நான்தான் வச்சேன். அப்பாவுக்கு அவர் வீட்டுலயே சமையக்கட்டு எந்தப் பக்கம்னு தெரியாது.

சனிக்கிழமை நாலு மணிக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் கொட்டகையில டீ குடிச்சுட்டு இருந்தாங்க. மெல்வின் வீட்டுக்குப் போயிட்டாரு. அவர் வெள்ளிக்கிழமையே எங்கிட்டச் சொல்லியிருந்தாரு, ஞாயித்துக்கிழமை என் பாத்தியக் கொத்தப் போறேன், அதுல மிச்சம் கிடக்குறத எடுத்துக்க பொண்ணுன்னு. அது உண்மை, அவரையே கேட்டுப் பாருங்க. வரிசையில கிடந்தது எல்லாம் மெலிஞ்சு முத்திப் போன லீக்கு. வரிசைக் கடைசியில இது நின்னுச்சு. என் கை கனம்.

தெரியாம எடுத்தேன்னு சொன்னா அது பாதிதான் நெஜம். அது தாய்ன்னு எனக்கு யாரும் சொல்லல. ஆனா சூப்புக்கு வச்சிருக்க லீக்குக்கு யாரு குழாய் மாட்டுவாங்க? அந்த அளவு எனக்குத் தெரியும். பிடுங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்தேன். பிடுங்கிட்டு மண்ணத் தள்ளிக் குழாய மறுபடி நட்டு வச்சேன். தெரியாதவ அப்படிச் செய்ய மாட்டாள்ல.

நடுவுல தண்டு முத்தி மரக்கட்டையா இருந்துச்சு. பூ வர்ற நேரம்ல. அம்மா மென்னு மென்னு தட்டு ஓரத்துல துப்பி வச்சாங்க. இது நம்ம துண்டுல வந்ததான்னு கேட்டாங்க, ஆமான்னேன். அப்பா ஒண்ணும் கேக்கல. கட்டைய எல்லாம் மென்னு முழுங்கிட்டு இன்னொரு கரண்டி ஊத்துன்னாரு. காலையில அந்த லீக்குக்கு அவர் தொப்பியக் கழட்டியிருக்காருன்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க. என் பாத்தியில பென்சில் நிக்கறதையும் பாத்துட்டு வந்தவரு. சூப்பப் பாத்ததுமே தெரிஞ்சிருக்குமா, இல்ல ஞாயித்துக்கிழமை மெல்வின் கையில குழாயப் பாத்தப்பதானான்னு நான் அவரக் கேக்கல. எப்படிக் கேக்குறது.

அந்த ரெண்டு செகண்ட் என்னைப் பாத்தார்னு சொன்னேன்ல. நான் தலையக் குனிஞ்சேன். அவ்வளவுதான் நான் பண்ணது. அதுக்கப்புறம்தான் அவர் வாயத் திறந்தாரு. அதுக்கும் அப்புறம் நான் திட்டினேன்.

நேத்து போன் பண்ணாரு. எப்பவும் ஞாயித்துக்கிழமைதான் பேசுவோம், நேத்து அவரே பண்ணாரு. கமிட்டி எதாவது சொல்லுச்சாம்மா, துண்டு இருக்குல்லன்னு கேட்டாரு. உன் பேரு எதுலயும் வராதுல்லன்னாரு. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது.

போன வச்சுட்டு, சேரும்போது நீங்க குடுத்தீங்களே அந்த விதிப் புத்தகம், அதத் தேடி எடுத்தேன். கையெழுத்துப் போட்டிருக்கேன், படிச்சது இல்ல. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாப் பாத்தேன், பதினாலாம் பக்கம். துண்டுக்காரர் இன்னொருத்தர் பயிர எடுத்தா, முதல் தடவைன்னா எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு. துண்டு போகாது, பேர வெளியில எழுத மாட்டாங்க, கடிதத்த வீட்டுக்குத்தான் அனுப்புவாங்க. அதுக்கு அடுத்த வரியில விருந்தாளி எடுத்தா என்னன்னு இருக்கு. விருந்தாளிக்குக் கடிதம் எல்லாம் கிடையாதுங்க. முதல் தடவையே பலகைதான்.